சிப்பிகாட்: கடல் கொண்ட வயல்கள்

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகும் சாலையில் சுமார் 14 கிலோமீட்டரில் சிப்பிகாட். (2024-ல் தலைநகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது.) கிராம்பு, ஜாதிக்காய், மிளகு, தென்னை என்று இங்குள்ள அரசுப் பண்ணையைப் பார்க்கத்தான் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். பிறகு கேமராவும் கையுமாகப் பறவை ஆர்வலர்கள் வரத் தொடங்கினார்கள். காரணம், நெல் விளைந்த தாழ்நிலத்தில் நிற்கும் உப்பு நீர். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலப்பரப்பே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வடிந்தது, வயலுக்குள் வந்த கடல் வடியவில்லை.

இந்தத் தீவில் காடு வயலான கதை கைதிகளுடையது. 1789-ல் பிளேர் அமைத்த முதல் குடியேற்றம் நோய்க்குப் பலியாகி 1796-ல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயருக்குத் தூரத்துச் சிறை தேவைப்பட்டது. 1858 மார்ச் 10-ல் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். மரங்கள் வீழ்ந்தன. காட்டுக்கு உரியவர்கள் 1859 மே மாதம் அபர்தீனில் வில்லேந்தி மோதித் தோற்றார்கள். கிரேட் அந்தமானியர் இன்று சில டஜன் பேர்தான். நன்னடத்தைக் கைதிகளுக்குச் சில ஆண்டுகளில் சீட்டு கிடைத்தது: உழலாம், மணம் செய்துகொள்ளலாம். ஆனால் நிலம் சர்க்காருடையது.

பின்னர் மாப்பிளாக்கள், கிழக்கு வங்க அகதிகள், தமிழர்கள் என்று பலரும் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்களில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ்.

1956 நவம்பர் 1-ல் அந்தமான் நிகோபார் யூனியன் பிரதேசமானது. அன்று அதே பட்டியலில் இருந்த இமாசலப் பிரதேசம் 1971-லும், மணிப்பூரும் திரிபுராவும் 1972-லும் மாநிலங்களாயின. இங்கோ சட்டமன்றம்கூட இல்லை. மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினர். அந்த இடமும் 1967 வரை நியமனம்தான்.

மக்கள்தொகை குறைவு என்ற வாதம் எடுபடாது. 1975-ல் மாநிலமான சிக்கிமில் அப்போது இதைவிடக் குறைவான மக்களே இருந்தார்கள். பாதுகாப்பு முக்கியத்துவம் என்ற வாதத்துக்குக் கனம் உண்டு. அதைவிடக் கனமானது பழங்குடிகளின் கேள்வி: குடியேறியவர்களே பெரும்பான்மையாக அமரும் சட்டமன்றத்தின் கையில் ஜாரவாக்களின் காடு பத்திரமாக இருக்குமா?

இதற்கு விடை சொல்லாமல் மாநில அந்தஸ்து கேட்க முடியாது. அதே சமயம், வயலைக் கடலிடம் இழந்த விவசாயிக்கு முறையிட ஓர் எம்.எல்.ஏ. இல்லை என்பதும் உண்மை. பஞ்சாயத்தைத் தாண்டினால் அவருக்கு எல்லாம் தில்லி அனுப்பும் நிர்வாகம்தான்.