மலைவழியும் மனித அச்சமும்

சங்கச் செய்யுள்களிற் பாலைநில வழிப்போக்கனை அச்சுறுத்துவன வெயிலும் விலங்கும் மாத்திரமல்ல. ஆறலை கள்வரின் அம்புக்கு இரையானோரை மூடிய கற்குவியல்களும் அவ்வழியிற் கிடந்தன. உடன்போக்கிற் சென்ற மகளை எண்ணிக் கலங்கிய தாயின் நெஞ்சில் அவையே நிழலாடியிருத்தல் வேண்டும். காட்டுவழியில் மனிதன் மனிதனுக்கு அஞ்சும் நிலை, இன்பத்தின் பொருட்டே மலையேறும் இக்காலத்திலும் முற்றாக நீங்கிவிடவில்லை.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜோர்ஜியா முதல் மேன் வரை 14 மாநிலங்களை ஊடறுத்துச் செல்லும் அப்பலாச்சியன் நடைவழி 1937 இல் நிறைவுற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். முழுவதையும் நடந்து முடிக்க ஐந்தாறு மாதங்கள் செல்லும். இடையிடையே இராத்தங்கக் குடில்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு மூன்று சுவர்களே. நான்காம் பக்கம் திறந்து கிடக்கும். பூட்டில்லை, காவலில்லை. யார் வரினும் இடமுண்டு. இயற்பெயர்கூட வினவப்படுவதில்லை, தாமே சூடிக்கொண்ட புனைபெயர்களாலேயே நடப்போர் ஒருவரையொருவர் அறிவர்.

இந்த நம்பிக்கையையே குற்றம் பயன்படுத்திக்கொண்டது. 1981 இல் வேர்ஜீனியாவிலே நடைபயணிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொலையாளி பதினைந்தாண்டுச் சிறைவாசத்தின் பின் 1996 இல் விடுதலையானான். 2008 இல், அவ்விடத்துக்கு அண்மையிலேயே, தனக்கு உணவளித்த இருவரைச் சுட்டான். தெய்வாதீனமாக இருவரும் பிழைத்தனர். அவன் சில நாள்களிற் காவலிலேயே இறந்தான். 1988 இல் பென்சில்வேனியாவில், காட்டிற் கூடாரமிட்டிருந்த பெண்கள் இருவர்மீது மறைந்திருந்த ஒருவன் சுட்டான். ஒருவர் மாண்டார். மற்றவர் ஐந்து குண்டுக் காயங்களுடன் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நடந்து வீதியை அடைந்தார். அவ்விருவரும் காதலர் என்பது தன்னைத் தூண்டிற்று என்ற கொலையாளியின் வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 1996 இல் ஷெனன்டோவா தேசிய பூங்காவிற் கொல்லப்பட்ட பெண்கள் இருவரின் வழக்கோ 28 ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. மரபணுச் சோதனை 2024 இற் குற்றவாளியைச் சுட்டியபோது, அவன் சிறையில் இறந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

1974 முதல் இவ்வழியில் நிகழ்ந்த கொலைகள் ஏறத்தாழ ஒரு டசின். ஆண்டுதோறும் அங்கு கால்பதிப்போரோ முப்பது இலட்சம் வரையினர். நகர வீதியைவிட மலைவழி பாதுகாப்பானது எனக் கணக்கு கூறும். கணக்கு பொய்யன்று. ஆயினும் நள்ளிரவிற் சருகு நொறுங்கும் ஒலி கேட்டுக் கண்விழித்தவருக்கு அக்கணக்கு துணையிருப்பதில்லை.

பயணத் திட்டத்தை வீட்டில் அறிவித்துச் செல்லுதல், வாகன வீதிக்கு அண்மையில் இராத்தங்காமை, தங்குமிடத்தை அந்நியரிடம் கூறாமை, மனம் ஒவ்வாதவிடத்து உடனே அகலுதல் என்பன அனுபவமுள்ளோர் கூறும் அறிவுரைகள். இவை யாவும் பயனுள்ளவையே. ஆனால் இவற்றின் சுமை சமமாகப் பகிரப்படுவதில்லை. தனியே நடக்கும் ஆணைத் துணிவுடையான் என்போர், தனியே நடக்கும் பெண்ணிடம் ‘ஏன் தனியே சென்றாய்?’ என்று வினவுகின்றனர். குற்றம் நிகழ்ந்த பின்னரும் அதே வினாவே எழுகின்றது. சுட்டவனிடம் வினவ வேண்டியதைச் சுடப்பட்டவரிடம் வினவும் விசித்திரம் இது!

1990 இற் பென்சில்வேனியாக் குடிலொன்றில் இளந்தம்பதியர் போன்று இணைந்து நடந்த இருவர் கொல்லப்பட்டனர். கொலையாளி அவர்களது பொதியைச் சுமந்தவாறே சில நாள்களிற் பிடிபட்டான். அக்குடில் பின்னர் அகற்றப்பட்டு, அண்மையிலே புதியதொன்று எழுப்பப்பட்டது. அதற்கும் முன்பக்கம் சுவர் வைக்கப்படவில்லை.