ஊர் கொடுத்த முன்பணம்

பிள்ளைகளே, தறி ஓடும் ஊரில் பிறந்தவர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரணியிலும் நம் தேசூரிலும் முதலாளியிடம் பாவும் சரிகையும் வாங்கி வரும் நெசவாளி, கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஒரு தொகையையும் சேர்த்தே வாங்கி வருவார். அது அடையும்வரை அவருடைய தறியும் உழைப்பும் அந்த ஒருவருக்கே. கரையைத் தனியாக இணைத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். கரையில் நாடா தள்ளச் சின்னக் கை போதும். அந்தச் சின்னக் கை பல வீடுகளில் சிலேட்டுப் பிடித்திருக்க வேண்டிய கை.

நெசவாளி வீட்டில் பிறந்து, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் பலரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது இது. பிள்ளையின் படிப்பு தீராத வறுமையால் நிற்பதைவிட, வேண்டிய நாளில் கையில் இல்லாத சிறு தொகையால் நிற்பதே அதிகம். பொதுப் பணத்தின் மதிப்பு அந்த நாளில் வந்து சேருவதில் இருக்கிறது.

காமராசர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. செலவில் ஒரு பங்கை அரசு கொடுத்தது. மறு பங்கை ஊரார் ஏற்றார்கள். எங்கள் தெருவில் உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். என்னைத் தறியில் உட்காரவைத்தால் நாளுக்குச் சில அணா மிச்சம் என்று அப்பா கணக்குப் பார்த்தார். "அங்கே போனா மத்தியானச் சோறாவது கிடைக்குதே" என்றார் அம்மா. அந்தச் சோறு கூலிக்கு ஈடாகாது. ஆனாலும் பிள்ளையின் பக்கம் பேசுகிறவருக்கு வீட்டில் ஒரு நியாயம் கிடைத்தது. நான் பள்ளியிலேயே இருந்தேன். அரசு கொடுக்கும் சிறிய உதவியை இளப்பமாக எண்ணாதீர்கள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோதும், 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கியபோதும் இத்தனை செலவா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் என் அம்மா சொன்ன பதிலே என் பதில்.

இன்னொரு காலம். பத்து வயதுப் பையன் ஒருவன், அப்பா வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். பட்டு இழை அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. எழுதும்போது அதை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொள்வான். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் வந்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு அதில் தனி மையம், மதிய உணவு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை கிடைத்தன. ஆயிரக்கணக்கில் இருந்த முன்பணத்துக்கு அந்த 100 ரூபாய் எம்மாத்திரம்? அவனைக் காப்பாற்றியது அது மாதந்தவறாமல் வந்ததும், அவன் வராத நாளெல்லாம் மையத்து ஆசிரியை வீட்டு வாசலில் போய் நின்றதும்தான். தகப்பனார் வைதார், ஆசிரியை மறுநாளும் போனார். பிறகு பையன் ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். பணம் வாசல்வரை வரும். பொறுமைதான் உள்ளே அழைத்துப்போகும்.

தோற்றதையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை அனுமதியானது. நோட்டும் பஸ் கட்டணமும் அவளுக்கு ஜூனில் தேவைப்பட்டன. காகிதம் மேசை மேசையாகச் சுற்றிப் பணம் மார்ச்சில் வந்தது. அதற்குள் அவள் வீட்டில் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள், திரும்ப வரவில்லை. பதிவேட்டில் அந்தத் தொகை வழங்கப்பட்டதாகவே இருக்கும். பசி பொறுக்கும் வயிறு உண்டு. பருவம் பொறுக்கும் படிப்பு இல்லை. 2024-25-ல் மத்திய அரசிடமிருந்து வரவேண்டிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தை ஒட்டிய பிணக்கில் நின்றது. அதன் நியாயத்தை அரசியல் தெரிந்தவர்கள் பேசட்டும். மேலே நிதி நின்றால் கீழே முதலில் தடுமாறுவது ஏழைப் பிள்ளைதான் என்பதை மட்டும் நான் அறிவேன்.

இந்த உதவிகளையெல்லாம் வாங்கக் கூசும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். கூச வேண்டாம். அன்று பிடி அரிசியாகப் பானையில் விழுந்தது இன்று வரியாகக் கருவூலத்துக்குப் போகிறது. முகம் தெரியாத பலர் உங்களுக்குக் கொடுத்த முன்பணம் இது. தறி முதலாளியின் முன்பணம் ஒருவரிடம் கட்டிப்போடும். இது உங்களை யாரிடமும் கட்டிப்போடாது. ஆனால் கடன் கடன்தான். அதை அடைக்கும் வழி இரண்டு: எடுத்த படிப்பை நடுவில் விடாமல் முடிப்பது, பின்னால் வருகிற ஒரு பிள்ளை விடாமல் பார்த்துக்கொள்வது.

முதலாவதுக்குச் சில காரியங்களைச் செய்து வையுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கேட்டபிறகு ஓடாதீர்கள். கோடை விடுமுறையிலேயே வாங்குங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியில்லாமல் திரும்பிப் போகும் பணம் உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எழுதுங்கள். அதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவர்கள் கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஒருமுறை மறுத்தார்கள் என்று திரும்பிவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், சரிசெய்து மறுபடி போங்கள்.

இரண்டாவது இன்னும் எளிது. வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையா? மாலையில் அந்த வீட்டுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். வீட்டார் கடிந்துகொண்டாலும் பொறுத்துக்கொண்டு, மறுநாள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.