பென்சில் தடிமனில் ஒரு நிலா



"ரிட்டையர் ஆகி என்ன டீச்சர் பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆட்களை உட்கார வைத்து வரைகிறேன். போட்டோவைப் பார்த்து வரைவதில்லை. உயிருள்ள ஆள் எதிரில் இருக்க வேண்டும். ஓவியக் கல்லூரிகளில் இதை லைஃப் டிராயிங் என்பார்கள். சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1959-ல் திறந்தது. அதைச் செய்த ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அந்தப் பாறையைத் தள்ளும் நான்கு பேரின் முதுகும் தோளும், ஆட்களை நேரில் நிற்க வைத்துப் பார்த்த கண்ணுக்குத்தான் அப்படி வரும்.

எனக்கு அவ்வளவு திறமை கிடையாது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் என் ஓவியக் கூடம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் உட்காருவார்கள். மற்ற நாட்களில் அம்மா. அவருக்கு 88 வயது. அசையாமல் உட்காருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "முடிஞ்சுதா கண்ணு?" என்று மட்டும் கேட்பார்.

வரைய ஆரம்பிக்கும் முன் அளக்க வேண்டும். கையை முழுதாக நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்வது. நின்றால் பெரியவர்கள் ஏழரைத் தலை உயரம். கைக்குழந்தை நான்கு தலைதான். கண்கள் இருப்பது தலையின் சரிபாதியில். நீங்களெல்லாம் மூன்றாம் வகுப்பில் கண்ணை நெற்றியில் வைத்து வரைந்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது!

பௌர்ணமி அன்று மொட்டை மாடியில் அதே பென்சிலை அதே மாதிரி நிலாவுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நிலா மறைந்துவிட்டது. 3,474 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள நிலாவை ஒரு பென்சிலின் தடிமன் மறைக்கிறது. காரணம், அது 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இப்போது வலது கண்ணையும் இடது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். நீட்டிய பென்சில் இடம் மாறுவது போலத் தெரியும். விண்மீனின் தூரத்தை முதலில் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். 1838-ல் ஜெர்மனியின் பெசல் என்பவர், பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஒருமுறை என்று ஒரு விண்மீனைப் பார்த்தார். அவருடைய இரண்டு கண்களுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 30 கோடி கிலோமீட்டர்! அப்படியும் அது நகர்ந்த அளவு, இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு பென்சிலின் தடிமன்தான். தூரம் சுமார் 11 ஒளியாண்டு. அதுவும் நமக்குப் பக்கத்து வீட்டு விண்மீன். ஆண்ட்ரோமீடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். நம் பால்வீதியில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள்.

இதைப் பற்றி முன்பு ஒருமுறை இங்கே எழுதியபோது, பழைய மாணவர் ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். ஆர்டர் நின்று, மிஷின்களை விற்றுக் கடன் கட்டிக்கொண்டிருந்த நேரம் அவருக்கு. "இவ்வளவு பெரிய பிரபஞ்சத்துல நாமெல்லாம் தூசி டீச்சர். இருந்தா என்ன, இல்லைனா என்ன?" என்று இருந்தது. விடிந்ததும் போன் செய்தேன். நல்லவேளை, எடுத்தார். வெகுநேரம் பேசினோம். இப்போது வேறொரு கம்பெனியில் மாஸ்டராக இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அன்று அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நம் ஊரில் பனியன் துணியைக் கிலோவில் நிறுக்கிறோம். வேட்டியை முழத்தில் அளக்கிறோம். பாலை லிட்டரில் வாங்குகிறோம். ஒன்றின் அளவையை இன்னொன்றுக்குப் போட்டால் கணக்கு தப்பாகும். ஒளியாண்டு தூரத்தை அளக்கும் கோல். ஒரு மனிதர் வேண்டுமா வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அம்மாவை வரையும்போது இது எனக்கு நன்றாகப் புரிகிறது. உதட்டு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கோடு இறங்கினால் அது வேறு யாரோ ஒரு பாட்டியின் முகம். அந்த ஒரு மில்லிமீட்டர் சரியாக விழுந்தால்தான் என் அம்மா. கன்னத்தில் விழும் வெயில் சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிடம் இருபது நொடி ஆகியிருக்கும். அவருடைய எலும்பில் இருக்கும் கால்சியமும் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் எப்போதோ விண்மீன்களுக்குள் உருவானவை. இதெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து "முடிஞ்சுதா கண்ணு?" என்று கேட்கிறது. பத்தாயிரம் கோடி விண்மீன்களில் எதுவும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

கடந்த தையிலிருந்து அம்மாவின் படங்கள் 140 ஆகிவிட்டன. வரிசையாகப் புரட்டினால் தோள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவது தெரிகிறது. இந்த வரிசை ஒருநாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு நாளும் விடாமல் வரைகிறேன்.

இரண்டு வேண்டுகோள். அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய் அந்தப் பென்சில் சோதனையைக் காட்டுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் மூத்தவரை எதிரில் உட்கார வைத்து, பத்து நிமிடம் பார்த்து வரையச் சொல்லுங்கள். எப்படி வந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள்.

மனசு கனமாக இருந்தால் இரவு பன்னிரண்டானாலும் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கூப்பிடுங்கள். டீச்சர் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ராயபுரம், திருப்பூர்