பீரோவில் இருக்கும் துப்பாக்கி

வயது முதிர்ந்த தகப்பனாரிடம் இனி ஸ்கூட்டர் ஓட்டவேண்டாம் என்று சொல்லவே நமது வீடுகளில் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அவரிடம் துப்பாக்கி இருந்தால் எப்படிச் சொல்வது? இது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று எண்ணாதீர்கள். புனேயில் எங்கள் சபையில் மாத்திரம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி உள்ள குடும்பங்கள் மூன்று இருந்தன. மூவரும் வேலூர்ப் பக்கத்திலிருந்து இராணுவத்தில் சேர்ந்து, ஓய்வுபெற்றபின் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி, வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் காவல் வேலை பார்த்தவர்கள். சொந்தத் துப்பாக்கி வைத்திருந்ததினாலேயே அவர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளமே. வேலை நின்றது, பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியோ பீரோவிலேயே தங்கிவிட்டது.

அவர்களில் மூத்தவருக்கு வயது 74. மனைவி இறந்தபின் அவருடைய பேச்சு குறைந்தது, மறதியும் தொடங்கியது. ஓர் இரவு, வேலை முடிந்து ஒரு மணிக்கு வீடு திரும்பிய பேரனைத் திருடன் என்று எண்ணி, இருட்டில் துப்பாக்கியோடு எழுந்து நின்றாராம். நல்லவேளையாக அதில் தோட்டா இல்லை. மறுநாள் மருமகள் என் மனைவியிடம் வந்து அழுதாள்.

"ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அப்பாவிடம் சொல்லி, எங்கேயாவது ஒளித்துவைத்துவிடுகிறேன், பாஸ்டர்" என்றார் மகன். நான் உடன்படவில்லை. பொய் என்பது ஒருபுறமிருக்க, லைசென்ஸ் இல்லாத மகன் அதை எடுத்துச்சென்று வைத்திருந்தால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அவரே குற்றவாளியாவார்.

உண்மையில் மறதியைவிட அவருடைய துக்கமே எனக்கு அதிக பயத்தைத் தந்தது. மனம் உடைந்த ஒரு வேளையில் துப்பாக்கி கையெட்டும் தூரத்தில் இருந்தால், மனம் மாறுவதற்கு அவகாசம் இராது. ஜெபித்தால் போதாதா என்று ஒரு சகோதரர் கேட்டார். ஜெபிக்கிறோம்; கூடவே பீரோவையும் பூட்டுகிறோம்.

நான் அவரைத் தனியாகச் சந்தித்து, "ஐயா, தேர்தல் வந்தால் துப்பாக்கியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவேன். 2024-இல் நாடாளுமன்றத்துக்கு ஒருமுறை, சட்டமன்றத்துக்கு ஒருமுறை ஒப்படைத்தேன்."

"அப்படியே இப்போதும் ஒப்படைக்கலாமே?"

அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அது திரும்பி வரும் என்று தெரிந்து கொடுப்பது, பாஸ்டர். இது அப்படியல்லவே" என்றார். அதற்கு என்னிடத்தில் பதில் இல்லை. சோறு போட்ட பொருளைப் பிரிவது ஒரு மனுஷனுக்கு எளிதல்ல. ஆகையால் வேறொன்றைக் கேட்டேன்: "மறதி இன்னும் அதிகமானால், இதை யார் தீர்மானிக்கவேண்டும்?" சற்றும் தாமதியாமல், "நான்தான்" என்றார். "அப்படியானால் தெளிவாயிருக்கும்போதே தீர்மானியுங்கள், ஐயா" என்றேன்.

அன்றே தோட்டாக்களைப் பிரித்து வேறு பூட்டில் வைத்து, சாவியை மருமகளிடம் கொடுத்தார். மற்றவற்றை நால்வருமாக உட்கார்ந்து பேசினோம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 70 வயது நிறைந்தவர் தம் வாரிசுக்கு லைசென்ஸ் வழங்கும்படி விண்ணப்பிக்கலாம்; மகன் வேண்டாம் என்றுவிட்டார். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கலாம். ஒப்படைத்தபின் அதற்கு உரிமையுள்ளவருக்கு விற்றுப் பணம் பெறவும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஒன்றும் செய்யாமல் அவர் இறந்துபோனால், தாமதமின்றி அதை ஒப்படைக்கும் பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழும். லைசென்ஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுகூட அந்த மகனுக்குத் தெரிந்திருக்கவில்லை!

பெரியவர் வியாபாரியைத் தெரிந்துகொண்டார். காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் அறிவித்துவிட்டு, குறித்த நாளில் சலவைச் சட்டை அணிந்து, துப்பாக்கியை உறையிலிட்டுத் தாமே சுமந்து சென்றார். மகன் கூடச் சென்றார், தொடவில்லை. கடையில் தோட்டாக்களை இரண்டுமுறை எண்ணிக் கொடுத்து, ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாயிருக்கிறதா என்று கண்ணாடி அணிந்து வாசித்துப் பார்த்தாராம். பின்பு கமிஷனர் அலுவலகத்தில் லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தார்.

மற்ற இருவரில் ஒருவர், விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். மற்றவர், லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள்வரை பொறுங்கள் என்கிறார். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் அது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. அவருடைய தேதியைக் கேட்டு என் டைரியில் குறித்திருக்கிறேன்.