ஐஸ் பெட்டிக்காரர் பொண்ணு

ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க வீட்டு போன் அடிச்சா என்ன பண்ணுவீங்க? நெஞ்சு திக்குனு ஆகும். யாருக்கு என்ன ஆச்சோன்னு நடுங்கிட்டேதான் எடுப்பீங்க. எங்க வீட்ல முதல் ரிங்லயே அப்பா எடுத்துடுவார். "சொல்லுங்க" என்பார். அந்தப் பக்கம் பெரும்பாலும் அழுகைதான். அப்பா அவசரப்படுத்தவே மாட்டார். அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் காதுலயே வெச்சிருப்பார். அப்புறம், "எந்த ஊருங்க? பக்கத்துல அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க" - இவ்வளவுதான் கேள்வி. அதுக்குள்ள அம்மா எழுந்து ஃபிளாஸ்க்ல டீ ஊத்தியிருப்பாங்க.

எங்க ஊர் வெள்ளகோவில். காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவுல. வீரக்குமார சாமி தேர், சூரியகாந்தி விதை ஏலம், முருங்கைக்காய் மார்க்கெட், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்... இப்படி எங்க ஊரைப் பத்திச் சொல்ல நல்ல விஷயம் நிறைய இருக்கு. ஆனா காலேஜ்ல "உங்கப்பா என்ன பண்றார்?"னு கேட்டா, நான் சொல்ற பதில்ல பேச்சு அப்படியே நின்னுடும்.

நாங்க சாவு வீட்டுக்கு வேலை செய்யறவங்க. ஃப்ரீசர் பெட்டி (ஊர்ல எல்லாரும் ஐஸ் பெட்டின்னுதான் சொல்வாங்க), சாமியானா, சேர், ஜெனரேட்டர், சொர்க்க ரதம் எல்லாம் வாடகைக்கு. கோடித்துணி, மாலை, மண்பானை, சாம்பிராணின்னு சடங்குச் சாமான்கள் விலைக்கு. எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) பாத்திர வாடகைக் கடைதான் வெச்சிருந்தார். அப்பா கடன் வாங்கி ஒரு பெட்டி வாங்கினார், தொழில் மாறிடுச்சு. சித்தப்பா ரதம் ஓட்டறார், அம்மா கணக்கு, நான் பேப்பர் வேலை.

இந்தத் தொழில்ல ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கீங்களா? மத்த கடையில எல்லாம் 'நன்றி, மீண்டும் வருக'ன்னு போர்டு இருக்கும். நாங்க எழுத முடியுமா? எழவு வீட்ல யாரும் 'போயிட்டு வர்றேன்'னு சொல்றது இல்ல. அப்பாவும் வாடகைப் பணம் வாங்கினதும் தலையை ஆட்டிட்டு வண்டியில ஏறிடுவார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்ககூட எங்க கடை நிழலை விட்டு நாலடி தள்ளி வெயில்லதான் நிப்பாங்க!

2020-ல ஒரு மீம் உலகத்தையே சுத்திச்சே, ஞாபகம் இருக்கா? கோட்டு சூட்டு போட்டு, சவப்பெட்டியைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஆடுவாங்களே, அந்த 'காபின் டான்ஸ்'தான். ஆப்பிரிக்காவுல கானா நாட்டுக்காரங்க அவங்க. பெஞ்சமின் ஐடூங்கிறவர் நடத்தற குழு. அப்போ நான் ஸ்கூல்ல இருந்தேன். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல அதை எனக்கு டேக் பண்ணி, "உங்கப்பா ஆடுவாரா?"ன்னாங்க. நானும் ஒரு ஸ்மைலி போட்டேன். ஆனா ஒரு விஷயம் யோசிங்க. துக்கத்துல இருக்கிறவங்க கேட்டதாலதான் அவங்க ஆடறாங்க. நம்ம ஊர்லயும் வயசாளி போனா பாடைக்கு முன்னாடி பறை அடிச்சு ஆடறோம்தானே? எந்த ஊரா இருந்தாலும், போறவங்களை ஒழுங்கா அனுப்பி வைக்க நாலு பேர் வேணும். அந்த நாலு பேரைப் பத்தித்தான் நான் பேசறேன்.

அடுத்த வருஷமே சிரிப்பு போச்சு. 2021 மே மாசம், ரெண்டாவது அலை. தினசரி கொரோனா எண்ணிக்கையில கோயமுத்தூர் சென்னையையே முந்தின மாசம் அது. எங்க கொங்குப் பக்கம் முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். தொடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, பையோட ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி முகம் மட்டும் காட்டலாம்னு விதி. அப்பாவும் சித்தப்பாவும் கவச உடை போட்டுக்கிட்டு, ஒரு கையில மொபைலைப் பிடிச்சு, வீட்டை விட்டு வர முடியாத பிள்ளைங்களுக்கு வீடியோ கால்ல முகம் காட்டுவாங்க. அப்புறம் அப்பாவுக்கே காய்ச்சல் வந்து படுத்துட்டார். போன் அடிக்குது... யாராவது எடுக்கணுமே? அன்னிக்கு நான்தான் எடுத்தேன். அப்ப இருந்து பகல்ல வர்ற போன் எல்லாம் என் கையிலதான்.

நாங்க என்ன விக்கிறோம்னு அதுக்கப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. ஐஸ் பெட்டி உடம்பை உறைய வைக்காது. ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ச்சியா வெச்சிருக்கும், அவ்வளவுதான். துபாய்ல இருக்கிற மகன் வந்து சேர்றதுக்கு ஒரு நாள் அவகாசம் வாங்கித் தரும். ஆனா அப்பா வேலை பெட்டியை இறக்கினதோட முடியாது. ஒரு சாவு விழுந்த ஒரு மணி நேரத்துல அந்தக் குடும்பம் எத்தனை முடிவு எடுக்கணும் தெரியுமா? எத்தனை மணிக்கு எடுக்கறது? எரிக்கிறதா, புதைக்கிறதா? யார் யாருக்குச் சொல்லி விடறது? மாமன் வீட்டுக் கோடி வந்து சேருமா? நாவிதருக்குச் சொல்லியாச்சா? வர்ற சனத்துக்குத் தண்ணி எங்க? அழுதுட்டு இருக்கிறவங்ககிட்ட இதை எல்லாம் கேட்க முடியாது.

அதனால அப்பா போனதுமே கூட்டத்துல ஒருத்தரைத் தேடுவார். இருபது வயசு இருக்கும். தூணைப் பிடிச்சுக்கிட்டு, அழவும் முடியாம, என்ன செய்யறதுன்னும் தெரியாம நின்னுட்டு இருக்கும், ஒரு பையனோ பொண்ணோ. "கண்ணு, இங்க வா. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்க" என்பார். அந்த வீட்டோட எல்லா வேலையும் அதுக்கப்புறம் அந்த நோட்டுலதான். ஏன் அவங்களைப் பிடிக்கறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். "பெரியவங்களுக்கு அழ நேரம் வேணும். சின்னதுகளுக்குக் கையில வேலை வேணும்"னார்.

தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அந்த ஆள் ஒரு நாள் நீங்களா இருப்பீங்க. சாபம் இல்லீங்க, வயசு அப்படி. அதனால இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க.

கண் தானம் செய்யற எண்ணம் இருந்தா, மூச்சு நின்ன 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கண் வங்கிக்குச் சொல்லிட்டு, ஃபேனை நிறுத்துங்க. இமையை மூடி மேல ஈரப் பஞ்சு வைங்க. தலையைத் தலகாணியால உயர்த்துங்க. அரசு ஆஸ்பத்திரியில இறந்தவங்களை ஊருக்குக் கொண்டுவர 155377-க்குக் கூப்பிட்டா இலவச அமரர் ஊர்தி வரும். எங்ககிட்ட ரதம் கேட்டு போன் பண்றவங்ககிட்டயும் அப்பா முதல்ல இதைத்தான் சொல்வார். "நமக்கு ஒரு வாடகை போகுதே"ன்னு சித்தப்பா முணுமுணுப்பார். "போகட்டும், அவன் அடுத்த வாரம் கருமாதி பண்ணணுமல்லோ" - இது அப்பா.

அப்புறம் பேப்பர். சாவை 21 நாளுக்குள்ள பதிவு செய்யணும். ஆஸ்பத்திரியில நடந்தா அவங்களே தகவல் கொடுத்துடுவாங்க. வீட்ல நடந்தா, கிராமத்துல வி.ஏ.ஓ., நகராட்சியில சுகாதாரப் பிரிவு. பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு எழுத்துக்கூட்டிப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் பேங்க்ல இருந்து பி.எஃப். வரைக்கும் இழுத்தடிக்கும். எங்க பக்கம் பாதி வீடு மில்லு வேலை, பனியன் கம்பெனி வேலை. இ.எஸ்.ஐ. இருக்கிற தொழிலாளி இறந்தா ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரைக்கும் கிடைக்கும். 3 மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். பி.எஃப். கணக்கோட சேர்ந்தே ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கு, அதிகபட்சம் 7 லட்சம். இந்த ரெண்டும் தெரியாமலே மூலையில உட்கார்ந்துட்டு இருக்கிற அக்காக்களை நான் நிறையப் பார்த்துட்டேன். அதனாலதான் இப்போ எங்க பில்லோட பின்பக்கத்துல இதை எல்லாம் அச்சடிச்சே கொடுக்கறோம்.

ஒரு சாவு மட்டும் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகல. ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்த ஒடிசாப் பையன். வயசு இருபத்தி மூணு, என்னைவிட ஒண்ணு கூட. தூக்கத்துலயே போயிட்டான். உடம்பு ஊருக்குப் போகணும். இறப்புச் சான்று, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், போலீஸ் தடையின்மைச் சான்று, எம்பாமிங் சான்று... இதெல்லாம் இல்லாம விமான கார்கோவுல ஏத்த மாட்டாங்க. ரெண்டு நாள் நானும் அவன் ரூம்மேட்டுங்க நாலு பேரும் அலைஞ்சோம். எங்களுக்கு ஒடியா தெரியாது, அவங்களுக்குத் தமிழ் அரைகுறை. எல்லாம் முடிஞ்சு பெட்டியை மூடறப்போ வீடியோ கால்ல அவன் அம்மா ஏதோ சொல்லிச் சொல்லி அழறாங்க. ஒரு பையன் புரிஞ்சுக்கிட்டு, இறந்தவனோட பர்ஸைத் திறந்தான். ஒரு சின்னத் துணி முடிச்சு. உள்ளே காய்ஞ்ச சோத்துப் பருக்கை. புரி ஜகந்நாதர் கோயில் பிரசாதச் சோறு. நிர்மால்யம்னு சொல்றாங்க. உயிர் போற நேரத்துல வாயில வைக்கிறது அவங்க வழக்கம். அப்பா கையைக் கழுவிட்டு வந்து, ஒரு பருக்கையை எடுத்து, அந்த அம்மா பார்த்துட்டு இருக்கறப்பவே அவன் உதட்டுல வெச்சார். அழுகை கொஞ்சம் அடங்குச்சு. நம்ம ஊர் வாய்க்கரிசிதான், வேற பாஷையில.

இவ்வளவு நல்ல வேலைன்னா ஏன் எல்லாரும் தள்ளி நிக்கிறாங்க? 2009-ல ஆஸ்கர் வாங்கின ஜப்பான் படம் ஒண்ணு இருக்கு, 'டிபார்ச்சர்ஸ்'. இறந்தவங்களைத் துடைச்சு, உடுத்தி, பெட்டியில வைக்கிற வேலைக்குப் போற ஒருத்தனோட கதை. அவன் வேலை தெரிஞ்சதும் சொந்த மனைவியே, தொடாதேன்னு விலகிப் போறா. அப்பாவை உட்கார வெச்சுக் காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு, "அந்த ஊர்லயுமா?"னு மட்டும் கேட்டார்.

ஆனா நம்ம ஊர்ல இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடணும். எங்களைப் பார்த்து நாலடி தள்ளி நிக்கிறவங்க, குழி வெட்டற அண்ணனைப் பார்த்து நாப்பது அடி தள்ளி நிக்கிறாங்க. பறை அடிக்கிறது, துணி எடுக்கிறது, குழி வெட்டறது எல்லாம் இன்னின்ன ஜாதிதான் செய்யணும்னு தலைமுறை தலைமுறையாத் தலையில கட்டி வெச்சதுதானே? நாங்க அதையே கடை போட்டுச் செஞ்சா 'ஓனர்'னு கொஞ்சம் மரியாதை. அவருக்கு அதுவும் இல்ல. ஜாதி பார்க்காத பொது மயானம் இருக்கிற கிராமத்துக்கு 10 லட்ச ரூபாய் பரிசுன்னு 2021-ல தமிழக அரசு அறிவிச்சது. பரிசு கொடுத்துத்தான் இதை வரவழைக்கணும்னா, நிலைமை எப்படி இருக்குன்னு நீங்களே பார்த்துக்கங்க. எங்க வீட்ல ஒரே ஒரு விதிதான். வேலை முடிஞ்சு வந்தா, அந்த அண்ணனும் நாங்களும் ஒரே பந்தியிலதான் சோறு.

எனக்கு இருக்கிற பிரச்னை வேற. "அம்மிணி, நீ கடையில உக்காந்து கணக்கு எழுது, தப்பில்ல. ரதத்துல ஏறிச் சுடுகாட்டு வரைக்கும் போனீன்னா, உன்னையக் கட்டறவன் ஊட்டுல நாங்க என்னத்தச் சொல்றது?" - இது எங்க மாமா. அவர் சொல்றதும் சும்மா இல்ல. ரெண்டு இடம் ஜாதகம் பொருந்தியும், கடையைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. எங்க பக்கம் பொம்பளைங்க மயானத்துக்குப் போற வழக்கம் இல்ல. ஆனா சென்னை அண்ணா நகர் பக்கத்துல வேலங்காடு மயானத்தை 2014-ல இருந்து பெண்கள் நிர்வாகம் பண்ணினாங்க. பிரவீணா சாலமன்கிறவங்க பேட்டி எல்லாம் வந்திருக்கு. கொல்கத்தாவுல ஸ்ருதி ரெட்டிங்கிற சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஐ.டி. வேலையை விட்டுட்டு, 2016-ல இறுதிச் சடங்கு சேவைக்குன்னே ஒரு கம்பெனி தொடங்கினாங்க. மாமாகிட்ட இதைச் சொன்னேன். "அது பட்டணம் கண்ணு"ன்னுட்டார்.

இந்த வருஷம் எம்.காம். முடியுது. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை கிடைச்சிருக்கு. ஏ.சி. ரூம், கம்பெனி பஸ், கௌரவமான விசிட்டிங் கார்டு. அப்பா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. அவருக்கு அம்பத்தெட்டு ஆகுது, முட்டி வலி, பெட்டியைத் தூக்கறப்போ முகத்தைச் சுளிக்கிறார். நான் முடிவு பண்ணிட்டேன். கடைதான். ராத்திரி போனும் இனி என்கிட்டதான். கல்யாணம்? கடையைப் பார்த்துட்டு உள்ளே வந்து உட்கார்றவன் ஒருத்தன் வராமலா போயிடுவான்? வரலைன்னா, அதுக்காக போனை எடுக்காம இருக்க முடியாது.

உங்ககிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க கிளாஸ்மேட் வீட்ல ஒரு சாவுன்னு தெரிஞ்சா, 'ஆர்.ஐ.பி.'ன்னு மெசேஜ் போட்டுட்டு நிறுத்திடாதீங்க. நேர்ல போங்க. என்ன பேசறதுன்னு தெரியலையா? பேசவே வேண்டாம். வாசல்ல வண்டி நிக்கும். சேர் இறக்கறதுக்கு எங்களுக்கு எப்பவுமே ஆள் பத்தாது.