பொட்டி போட்ட சத்தமும் அப்பாவோட காதும்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வேறென்ன. இன்னிக்கும் பெரிசா ஒண்ணும் இல்ல, வீட்டுப் பொட்டி கதைதான். ஆனா அது போய் முடிஞ்ச இடம் வேற.

போன மாசம் சித்தப்பா பொண்ணு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன்னு வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டர் போட்டுட்டுப் படுத்தா, கொஞ்ச நேரத்துல "கர்ர்ர்ர்"னு ஒரு சத்தம். எங்க வீடு சேலையூர்ல. தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பயிற்சி விமானச் சத்தம் எங்களுக்குப் பழகினதுதான். ஆனா இந்த நேரத்துல ஏது விமானம்? போய்ப் பார்த்தா நம்ம டெஸ்க்டாப்! ரெண்டரை நிறுத்தினா கப்சிப். திரும்பப் போட்டா ரெண்டே நிமிஷத்துல ஆரம்பம்.

படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர். அதனால முதல்ல செஞ்சது டிரைவர் அப்டேட். (சிரிக்காதீங்க.) அடுத்து வெப்பநிலை காட்டுற மென்பொருளைப் போட்டு கிராஃபையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அப்பா எழுந்து வந்துட்டார்.

அப்பா குரோம்பேட்டை பக்கம் ஒரு லேத் பட்டறையில 28 வருஷம் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர்ல அவருக்குத் தெரிஞ்சது யூடியூப் மட்டும். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "சத்தம் ஒண்ணா, ரெண்டாடா?"

எனக்கு அது தோணவே இல்ல. கவனிச்சா ரெண்டு. ஒண்ணு "கர்ர்", இன்னொண்ணு மெல்லிசா "கீஈஈ". "அப்ப ஒவ்வொண்ணா பிரி"ன்னார்.

பிரிச்சேன். பிராசஸருக்கு மட்டும் லோடு கொடுத்தா "கர்ர்". கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் கொடுத்தா "கீ". அப்புறம் அப்பா பக்கவாட்டு மூடியைக் கழட்டச் சொல்லி, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கைப்பிடி காதுல, முனை ஒவ்வொரு ஃபேனோட பிளாஸ்டிக் சட்டத்துலயும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வெச்ச மாதிரி! (யாராவது முயற்சி பண்ணா முனை போர்டுல பட்டுடாம ஜாக்கிரதை.) நான் பிராசஸர் ஃபேன்தான்னு அடிச்சுச் சொன்னேன். அப்பா பின்னாடி இருக்கிற கேபினெட் ஃபேனைக் காட்டினார். "இதுதான். பேரிங் போச்சு."

பொட்டியை அணைச்சு அந்த ஃபேன் வயரை மட்டும் உருவிட்டு ரெண்டு நிமிஷம் ஓட்டினேன். "கர்ர்" காணோம். பிராசஸர் சூடேறினா அந்த ஃபேனும் வேகம் எடுக்குது. ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். அதோட தேஞ்ச பேரிங்கும் சேர்ந்தா கச்சேரிதான். மறுநாள் தாம்பரத்துல ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போய் 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி மாட்டினேன். தீர்ந்தது.

மிச்சம் இருந்தது "கீ". அது எனக்குத் தெரிஞ்ச சமாசாரம். காயில் வைன்னு சொல்லுவாங்க. கார்டுல இருக்கிற சின்னச் சின்ன கம்பிச் சுருள்ல கரன்ட் வேகமா ஏறி இறங்கும்போது சுருளே லேசா அதிரும். அந்த அதிர்வு காதுக்கு எட்டுற அலைவரிசையில வந்தா கீச்சுன்னு கேக்கும். எரிச்சலா இருக்குமே தவிர ஆபத்தில்ல. கேம்ல ஃப்ரேம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினா குறையும். கெத்தா அப்பாவுக்கு விளக்கினேன்.

"எந்தச் சத்தம்டா?"ன்னார்.

"இதோ, கீன்னு வருதே..."

குனிஞ்சு காதைக் கிட்ட வெச்சார். "ஒண்ணும் வரலையே."

சமையல்கட்டுல இருந்து தங்கமணி, "எனக்கு இங்க பல்லே கூசுது மாமா, உங்களுக்குக் கேக்கலையா?"ன்னா. அப்பா எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் சொல்லாம ஸ்க்ரூடிரைவரைத் துடைச்சு டப்பாவுல வெச்சுட்டுப் போய்ட்டார்.

அப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்தது. 18-ல இருந்த டிவி சத்தம் 35-க்குப் போனது. போன்ல "என்ன, என்ன?"ன்னு கேக்கிறது. நான் அதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்திருக்கேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8000 வரைக்கும் ஒவ்வொரு சுருதியா கேக்க வெச்சு ஒரு கிராஃப் போட்டாங்க. கீழ் சுருதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. 4000 பக்கம் ஒரே பள்ளம். தினமும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல வருஷக்கணக்கா கேட்டா முதல்ல அடி வாங்கிறது அந்த இடம்தானாம். உள்காதுல இருக்கிற நுண்மயிர் செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. ச, ஸ, ஷ மாதிரி ஒலிகள் அந்தப் பக்கம்தான். அதான் பேசுறது கேக்குது, என்ன வார்த்தைன்னு பிடிபடல. பேரிங் உறுமினதைக் கண்டுபிடிச்ச காதுக்கு "கீ" கேக்காததும் அதனாலதான்.

வர்ற வழியில கேட்டேன். "பட்டறையில காதுக்கு எதுவும் வெச்சுக்க மாட்டீங்களாப்பா?"

"காதை அடைச்சுட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு எப்படிடா தெரியும்?"

பதில் சொல்லத் தெரியல. அந்தச் சத்தத்துல வந்த சம்பளத்துலதானே நான் ஏசி ரூம்ல உக்காந்து தட்டிட்டிருக்கேன்.

காது மெஷின் வெச்சுக்கச் சொன்னா இன்னும் பிடி கொடுக்கல. பேசிட்டிருக்கேன். இப்பல்லாம் அவருக்கு எதிர்ல போய் நின்னு, முகம் பார்த்து, நிதானமா பேசுறேன். பாதிப் பிரச்சனை அதுலயே போச்சு.

டிஸ்கி: உங்க வீட்ல டிவி சத்தம் எவ்ளோ நம்பர்ல இருக்குன்னு இன்னிக்குப் பாருங்க. கத்துறதுக்கு முன்னாடி பாருங்க. அப்படியே நாள் முழுக்க ஹெட்போன் மாட்டித் திரியிற நம்ம ஆளுங்களும் ரெண்டு புள்ளி குறைச்சு வைங்கப்பு. நான் குறைச்சுட்டேன்.