சித்தப்பா ரிட்டையர் ஆயிட்டார்

நேத்தோட சித்தப்பா காக்கியைக் கழட்டிட்டார்.

ஆடு மேய்ச்ச குடும்பம்.
இரண்டாம் நிலைக் காவலரா சேர்ந்தவர்.
10 வருஷத்துல முதல் நிலை.
அப்புறம் 5 வருஷத்துல ஏட்டு.
அதுக்கு மேல 10 வருஷம் போனப்புறம்தான் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்).
ஆக, தோள்ல நட்சத்திரம் ஏற 25 வருஷம்!

நான்?
இன்க்ரிமெண்ட் கொஞ்சம் லேட்டானதுக்கே இங்க பக்கம் பக்கமா புலம்பின ஆளு.

போலீஸ்காரங்களுக்கு வாரம் ஒருநாள் லீவுன்னு அரசாணை வந்ததே 2021லதான்.
அதுவரைக்கும் எங்க சித்திக்கு எல்லாத் தீபாவளியும் தனித் தீபாவளி.
மனுஷன் எங்கயாவது பந்தோபஸ்துல நின்னிருப்பார்.

"இனிமே வீட்ல ரோல்கால் நான்தான் எடுப்பேன்"னு சித்தி இப்பவே சொல்லிட்டாங்க.
சித்தப்பா சிரிக்கிறார். ஆனா இன்னைக்கும் விடியறதுக்கு முன்னாடியே குளிச்சு ரெடியாயிட்டாராம்.

உங்க வீட்டு ரிட்டையர்டு போலீஸ்காரங்க பொழுதை எப்படிப்பா ஓட்டறாங்க?